காசிராஜன் வளர்த்த புலி

மௌஸைத் தொடுவதற்கு முன் காசிராஜன் வலது கையை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் திரையின் நடுவில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி தெரியும். பாம்டாப் என்று அந்த நாளில் பேசப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டரின் படம். படம்தான் என்றாலும், அசல் பெட்டிக்குள் என்னென்ன ஓடுமோ அத்தனையும் இதற்குள் ஓடும். பொத்தானை அமுக்கினால் விழித்துக்கொள்ளும். அசலை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை.

"இல்லாத சாமானுக்கு எம்புட்டு மரியாதை!" என்பார் மனைவி வெள்ளத்தாய், காப்பியை வைத்தபடி.

"பெட்டிக் கண்ணாடியில எண்ணெ பட்ரும்லா" என்பார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அது தொண்ணூற்றொன்பது. ராஜபாளையம் தென்காசி ரோட்டில் மாடியறை ஒன்றில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டர். பகலெல்லாம் மில்களின் சம்பளச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டு மனு. பிரிண்டரின் கரகரச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் பெட்டி திறக்கும். பெட்டியின் மூலையில் குட்டியாக ஒரு பேட்டரி அடையாளம், எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருக்கும். கரண்டு போய்த் திரை இருண்டால் நாற்காலியில் சாய்ந்து, "உள்ள பேட்டரி ஃபுல்லா இருக்கு, ஊர்லதான் கரண்டு இல்ல" என்பார்.

அந்தப் பெட்டியை சிடியில் ஏற்றி அனுப்பியவர் ஜேசுதாசன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். எண்பதுகளில் இருவரும் ஒரே நூல் மில்லில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் கோன் பெட்டிகளுக்குப் பின்னால் தரையில் சாக்பீஸால் கட்டம் கிழித்து ஆடுபுலி ஆடுவார்கள். உடைந்த பாபின் துண்டு மூன்று புலி, புளியங்கொட்டை ஆடு. புலி எப்போதும் ஜேசுதாசனுக்குத்தான். ஓர் ஆடு தனியே நின்றால் போதும், உச்சியில் இருக்கும் புலி எதையும் பாராமல் தாவி இறங்கிவிடும். "பதறாத காரியம் சிதறாதுலே" என்று காசிராஜன் எத்தனை சொல்லியும் ஏறவில்லை. தாவிய புலியை ஆடுகள் சுற்றி அடைத்துவிடும். கைதட்டிச் சிரிப்பதும் தோற்ற ஜேசுதாசன்தான். பிறகு அவர் சிங்கப்பூர் போனார். மில்லில் சாப்பாட்டு நேரம் அப்படி நீளமாக இருக்கும் என்று காசிராஜனுக்கு அதுவரை தெரியாது.

பாம்டாப்புக்கென்று காசிராஜன் எழுதிய ஒரே புரோகிராம் ஆடுபுலி. அதில் ஆடு மட்டுமே நாம் ஆடலாம். புலியைப் பெட்டியே ஆடும். புலிக்கு வேண்டிய புத்தியெல்லாம் கொடுத்துவிட்டு, ஓர் அவசரத்தையும் கூடவே சேர்த்து வைத்தார். மெயிலில் சிங்கப்பூருக்கு அனுப்பினார். 'கேம் வந்தது, அருமை' என்று ஒரு வரி வந்தது. ஆடிப் பார்த்தானா, புலி யாரென்று தெரிந்ததா? அதைக் கேட்டு மெயில் எழுத ஆயிரம் தடவை உட்கார்ந்தும் எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அதில் என்ன இருக்கிறது?

கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்த ஜேசுதாசன் மாடியேறி வந்து அசல் பாம்டாப்பை மேசையில் வைத்தார். காசிராஜன் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். திரை வெறுமையாக இருந்தது.

"பேட்டரி தீந்து உள்ள இருந்தது அம்புட்டும் அழிஞ்சு போச்சுலே. ஒன் கேமும் போச்சு. நெசத்தச் சொல்லுதேன், ஒரு ஆட்டங்கூட ஆடல. நேரமே இல்ல."

காசிராஜனுக்கு வலித்தது. "அதுக்கென்ன, இங்க இருக்குல்லா" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். "கையத் தொடச்சுக்கோ."

"படத்துக்கு எதுக்குலே தொடைக்கணும்?" என்று சிரித்தபடி மௌஸைப் பிடித்தார் ஜேசுதாசன். ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்தார். ஓர் ஆடு தனியே நின்றது. உச்சிப் புலி தாவி இறங்கியது, மாட்டிக்கொண்டது.

"கிறுக்குப் புலியால்லா இருக்கு!"

இரண்டாவது ஆட்டத்திலும் தாவியது. மூன்றாவதில், ஓர் ஆட்டை வேண்டுமென்றே தனியே விட்டுவிட்டுக் காத்திருந்தார். தாவியது. ஜேசுதாசன் சிரிக்கவில்லை. திரும்பி நண்பரைப் பார்த்தார். காசிராஜன் பிரிண்டரில் காகிதத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஜேசுதாசன் மௌஸிலிருந்து கையை எடுத்தார். பேண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு அடுத்த ஆட்டத்துக்கு முதல் ஆட்டை வைத்தார்.