அத்தையின் மணல் சட்டி

இன்று காலை லிட்டில் இந்தியாவில் ஒருவர் மணலில் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறிய நொடியில், நான் செய்யும் கண்ணாடி மணிகள் ஏன் விரிசல் விடுகின்றன என்று புரிந்துவிட்டது. இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கில் அத்தையும் இப்படித்தான் கடலை வறுப்பாள். கரண்டி சட்டியை உரசும் சத்தமும், சாத்திய ஜன்னலின் புழுக்கமும், அடுப்பை அணைத்து வெகுநேரமாகியும் ஆறாத மணலும், எனக்கு அந்த வீட்டில் எதுவுமே பிடித்ததில்லை.

"கிட்ட வராத! உன் கை பட்டா எதுவும் உருப்படாது லா," என்பாள்.

வீடு போனதில் வருத்தமில்லை. அத்தைதான் இப்போது உட்லண்ட்ஸில் குடியிருந்துகொண்டு, போன வாரம் என் மணியைப் பார்த்து, "இதுக்கா யூனிவர்சிட்டி படிச்ச? உடைஞ்ச போத்தல் மாதிரி இருக்கு," என்று சிரித்தாள்.

சட்டென்று ஆறுவதால்தான் மணி விரிசல் விடுகிறது; அத்தையின் மணல் போல மெல்ல ஆறவேண்டும். சனிக்கிழமை ஜன்னலைத் திறந்துவைத்து, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, ஒட்டாமலிருக்கக் களிமண் பூசிய சைக்கிள் கம்பியில் கண்ணாடியை உருக்கி மணியாகச் சுற்றி, மைலோ டின்னில் சூடாக்கிய உலர்ந்த மணலுக்குள் கம்பியோடு புதைக்கப்போகிறேன். மறுநாள் முழுதாக வந்தால் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்லண்ட்ஸ் போவேன். அவள் கேட்டாலும் தரமாட்டேன்.