எண்பத்து நான்கு லாரிகள்

காலை எட்டே முக்காலுக்குச் செய்தி வந்தது. உசேன் கன்டெய்னர் யார்டின் வாசலில் நின்று, உள்ளே வரும் லாரிகளின் நம்பரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். அறைக்குள் போன் அடித்தது. நண்பன் கிருஷ்ணப்பனோடு வேலை செய்யும் பீம்ராவ் பேசினான்.

"உசேனு, நம்ம கிருஷ்ணப்பன் செலக்சன்ல ஓடிகினு இருக்கும்போதே வுயுந்துட்டான்பா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்தோம். உசுரு இல்லன்னுட்டாங்க."

உசேன் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "எத்தினி நிமிசம் ஓடனான்?"

"இன்னா கேக்கற நீ?" என்று பீம்ராவ் போனை வைத்துவிட்டான்.

கிருஷ்ணப்பனுக்கு ஓட்டம் பழக்கியது உசேன்தான். பழக்குவதற்கு அவனுக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு சைக்கிள் இருந்தது, கைக்கடிகாரம் இருந்தது, எதைப் பார்த்தாலும் எண்ணும் பழக்கம் இருந்தது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கிருஷ்ணப்பன் பதினாலு வருஷமாகக் கான்ட்ராக்ட் கூலி. 2003 கடைசியில், தீயணைப்புப் பிரிவுக்கு நிரந்தர ஆட்கள் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். வயது வரம்பு, சலுகை எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு. ஜூன் வந்தால் அவனுக்கு அது தாண்டிவிடும். இதை விட்டால் ஆயுசுக்கும் கான்ட்ராக்ட்தான்.

மைதானத்தில் ஓட வெட்கப்பட்டான். "பசங்க சிரிப்பானுங்க மாமு. எனக்கு முன்னால என் தொப்பை ஓடுது" என்றான். அதனால் எக்ஸ்பிரஸ் சாலையைப் பிடித்தார்கள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் அங்கே மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். அவற்றின் மறைவில் கடலோரமாக ஓடினால் யாரும் பார்க்க மாட்டார்கள். சாலையை அகலப்படுத்தக் கிலோமீட்டர் கற்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். உசேன் லாரியையே அளவாக வைத்துக்கொண்டான். ஒரு லாரி, அடுத்த லாரிக்கு விட்ட இடைவெளியோடு, பதினெட்டு மீட்டர். எண்பத்து நான்கு லாரி என்றால் ஆயிரத்து ஐந்நூறும் சொச்சமும்.

முதல் நாள் கிருஷ்ணப்பன் பன்னிரண்டாவது லாரியில் உட்கார்ந்துவிட்டான். பொங்கலுக்கு முன்னால் ஐம்பதைத் தொட்டான். மனைவி எழில்மொழி தண்டையார்பேட்டையில் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தாள். தை முடிவதற்குள் எண்பத்து நான்கையும் ஆறு நிமிடம் நாற்பது நொடியில் தாண்டினான். ஓட்டம் முடியும் இடத்து டீக்கடைச் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கும்போது, "எத்தினிபா?" என்பான். உசேன் நேரத்தைச் சொன்னதும் குனிந்தபடியே சிரிப்பான்.

துறைமுகக் கேட் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அவர்கள் கிளம்புவதும் ஆறுக்குத்தான். கேட்டிலிருந்து வடக்கே அவன் ஓட, உசேன் சைக்கிளில் எண்ணிக்கொண்டு கூடவே போவான். ஒருநாள் ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாத்துக்கு நைனா இப்படி ஓடற? சும்மா நின்னுகினு இரு. நாங்களே வந்து உன்னத் தாண்டிக்கிறோம்" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட் திறக்கவில்லை, வரிசை அசையவே இல்லை. அன்றைக்கு ஏழரை நிமிடம் ஆனது, ஓடி முடித்த இடமும் டீக்கடையைத் தாண்டிப் போயிருந்தது. உசேனின் மனைவி ஜன்னத் முந்தின நாள் போட்ட பிரியாணிதான் காரணம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

செய்தி வந்த அன்று பிணவறை வாசலில் பீம்ராவ் சொன்னான்: "நானூறு மீட்டரு கிரவுண்டு. மூணு ரவுண்டு தாண்டி கொஞ்ச தூரத்துல நின்னுட்டான்பா. முடிஞ்சிடுச்சில்லன்னு கேட்டான். இன்னும் அரை ரவுண்டு கீது, ஓடுன்னு நாங்கதான் கத்தனோம். ஓடனான். கோட்டுக்கு முப்பதடி இருக்கச்சொல்ல வுயுந்தான்."

உசேனுக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அந்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். கிளாஸை வாங்கும்போது எதிரே பச்சைக் கன்டெய்னர் லாரி ஒன்று நின்றது. டீயைக் குடித்துவிட்டுப் பார்த்தால் அது தெற்கே பத்து லாரி தூரம் தள்ளிப் போயிருந்தது. கிருஷ்ணப்பன் வடக்கே ஓடிய ஒவ்வொரு நாளும் வரிசை அவனை நோக்கித் தெற்கே நகர்ந்திருக்கிறது. எண்பத்து நான்கையும் அவன் தாண்டவில்லை. சிலது தானாக வந்து அவனைத் தாண்டிப் போயிருக்கிறது. நகராத வரிசையில் அவன் ஓடியது அந்த ஞாயிறு மட்டும்தான். நாள் முழுக்க நகரும் லாரிகளை எண்ணிப் பிழைக்கிறவனுக்கு இது தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் எழில்மொழியிடம் சொல்லிவிடத்தான் போனான். அவள் ஷூவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நீங்க மனசு ஒடையாதீங்கண்ணே" என்றாள். "தெனம் ஆறு நிமிசம் நாப்பதுல ஓடனாரு. நீங்கதான பாத்தீங்க. அன்னிக்கின்னு பாத்து ஒடம்பு கைவிட்டுடுச்சி. இன்னா பண்றது."

உசேன் தலையாட்டினான். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் விடியும் முன் யார்டிலிருந்து முப்பது மீட்டர் டேப்பையும் ஒரு வாளி சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு போனான். கேட்டிலிருந்து தொடங்கி, நூறு மீட்டருக்கு ஒரு கோடாகச் சாலையோரக் கல்லில் போட்டுக்கொண்டே வந்தான். பதின்மூன்றாவது கோடு டீக்கடைக்குச் சற்று முன்னால் விழுந்தது. சுவரில் கிருஷ்ணப்பன் கை ஊன்றும் இடத்தில் காரை கொஞ்சம் அழுக்கேறியிருந்தது. உசேன் டேப்பைச் சுருட்டினான். ஆயிரத்து ஐந்நூறுக்கு இன்னும் இரண்டு கோடுகள் போட வேண்டும். அவை போடப்படவில்லை.