பன்னிரண்டு மணிக்கு மூடும் ஜன்னல்

பலேர்மோவின் அரசாங்கக் கல்லூரி ஒன்றின் முற்றத்தில் நிற்கிறேன். ஸ்கூட்டரில் சாய்ந்தபடி இரண்டு மாணவிகள் ஒரே வாக்மேனின் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டித் தலையாட்டுகிறார்கள். மாலை வகுப்பில் சேர இன்றுதான் கடைசி நாள். கட்டணம் கிடையாது, படிவத்தில் ஒட்ட முத்திரை வாங்கினால் போதும். படிவம் கொடுக்கும் ஜன்னலிலிருந்து வரிசை வாசல்வரை நீள்கிறது.

என்னை அழைத்துவந்த சாந்தி யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே வீட்டு வேலை செய்கிறாள். வகுப்பில் சேர வரிசையில் நின்று ஜன்னலுக்கு அருகே வந்துவிட்டவள், பின்னால் நிற்பவர்களையெல்லாம் முன்னே போகச் சொல்கிறாள். அவர்கள் நெகிழ்ந்துபோய் நன்றி சொல்கிறார்கள்.

"வெள்ளிக்கிழமை. பத்தரையிலையிருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலம், அண்ணை."

ஜன்னலை மூடுவதும் பன்னிரண்டுக்குத்தான். எழுத்தர் இப்போதே மேசையை ஒதுக்கத் தொடங்கிவிட்டார்.

"அது எந்த ஊர் நேரம்?" என்கிறேன்.

சாந்தி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணுகிறாள். "ஊரிலை இப்ப மூண்டு மணி தாண்டியிட்டுது. ராகு எப்பவோ போயிட்டார்!"

"அப்ப இஞ்சத்தை ராகு?" என்கிறேன்.

ஜன்னலுக்கு ஓடியபடியே, கையிலிருக்கும் வதிவிட அனுமதிப் பத்திரத்தைத் திரும்பி ஆட்டிக் காட்டுகிறாள்.

"இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோவுக்கு நானே மூண்டு வருசம் அலைஞ்சனான். அவருக்கு ஆர் குடுத்தது?"