கஷ்டமே இல்லை டாக்டர்

மேயோ மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த அட்ராக்டாவுக்குக் காலில் பாறாங்கல் விழுந்தாலும், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்லத் தெரியும். அந்தப் பக்கத்து ஜனங்களே அப்படித்தான். டீ குடிக்கிறாயா என்றால் இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவைதான் கோப்பையைத் தொடுவார்கள். கேட்பவர்களும் விடாமல் மூன்று தடவை கேட்பார்கள். டாக்டரிடம் குறை சொல்வதென்றால் பாதிரியார் எதிரில் கெட்ட வார்த்தை பேசின மாதிரி.

அவள் மகன் டார்ராவுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மூன்று வருஷம் தலைநகர் டப்ளினில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம். டப்ளினுக்குள் நுழைந்த பிறகுதான் நரகமே. கார் நகராது, பிள்ளை வாந்தி எடுப்பான், நிறுத்த இடம் கிடைக்காது. டாக்டர் கெராட்டி அவனைப் பிழைக்க வைத்தார். அவள் தினமும் அவருக்காக ஜெபித்தாள்.

பிறகு நாட்டுக்கே ஒரே குழந்தைகள் மருத்துவமனை கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. எங்கே என்பதில்தான் அடிதடி. நகர நடுவில், பெரியவர்களின் மருத்துவமனைக்குப் பக்கத்தில் என்றார்கள் டாக்டர்கள். ஊருக்கு வெளியே, சுற்றுச்சாலை ஓரத்தில் என்றார்கள் தூரத்துப் பெற்றோர்கள். இடத்தை முடிவு செய்யும் குழு மேற்கிலிருந்து ஒரு தாயைப் பேச அழைத்தது. அனுபவசாலி என்று எல்லோரும் அட்ராக்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினோரு குறைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தவள் அவளுடைய தோழி டெலியா. டெலியாவின் மகள் பெயர் சாய்வு; அவளுக்கும் அப்போதுதான் டப்ளினில் சிகிச்சை ஆரம்பித்திருந்தது.

"நீ ஒண்ணும் யோசிக்காத, அப்படியே வாசிச்சிடு. பல்லைக் காட்டிட்டு வந்திடாதடி!"

கூட்ட அறையில் மேஜையின் தலைவர் இடத்தில் டாக்டர் கெராட்டியே உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"டார்ரா எப்படி இருக்கான் அட்ராக்டா?"

"பந்து விளையாடுறான் டாக்டர்."

அவர் முகம் மலர்ந்தது. "அவனை இங்க கூட்டிட்டு வந்து போறதுல சிரமம் இருந்துச்சா?" என்று கேட்டார். கைப்பைக்குள் அவள் விரல்கள் தாளைத் தொட்டன. பிள்ளையின் உயிரைக் கொடுத்தவரிடமா பார்க்கிங் புகார்?

"சமாளிச்சிட்டோம் டாக்டர். கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல."

பேனாக்கள் எழுதிக்கொண்டன. அவள் ஒரு பிஸ்கட்டும் தின்றாள். ஊருக்குத் திரும்பி, "எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்று டெலியாவிடம் கூசாமல் பொய் சொன்னாள்.

எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நகர நடுதான். டெலியா தன் சமையலறையில் அதைச் சத்தமாக வாசித்தாள். அடுத்த அறையில் மகள் சாய்வு, வாந்தி எடுக்க ஒரு பேசினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை டப்ளின் பயணம்.

"'மேற்கிலிருந்து வந்த ஒரு தாய், பயணத்தில் கஷ்டம் எதுவும் இல்லை என்றார்.' யாருடி இந்த மகராசி? ஹெலிகாப்டர்ல போனாளா? நீ அங்கதானே இருந்த, வேற யார் வந்தா?"

பக்கத்து மாவட்டத்துக் கால்வேக்காரி ஒருத்தி வந்தாள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அட்ராக்டாவுக்குக் காதுமடல் வரை எரிந்தது. அவள் சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று யாராவது சமாதானம் சொல்லலாம். ஆனால் அவள் சொல்லவில்லையே.

"நான்தான் டெலியா."

டெலியா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அறிக்கையை மூடி வைத்து எழுந்தாள். கெட்டிலில் தண்ணீர் பிடித்து, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"டீ குடிக்கிறியா?"

"வேண்டாம், பரவாயில்ல," என்றது அட்ராக்டாவின் வாய், பழக்கத்தில்.

டெலியா ஒரே ஒரு கோப்பையை எடுத்து வைத்தாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை.