நீலத் திரையும் பாலன் அண்ணையின் சோறும்

போன சனிக்கிழமை மகளோடு, சுவிஸில் நாங்கள் இருக்கும் பாசல் நகர ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு பெரிய கடைக்குப் போனேன். சாமான் வாங்கப் போகும் இடத்தில் மூக்கு சும்மா இருந்தால் நல்லது. என் மூக்கு இருக்காது. பாண் அடுக்கைத் தாண்டும்போதே அரிசி வினாகிரியின் வாசனை வந்து பிடித்துக்கொண்டது. புளிப்பும் இனிப்புமாகச் சுடுசோற்றின் ஆவியில் ஏறி வரும் வாசனை. திரும்பிப் பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கறுப்புத் தொப்பி போட்ட ஒருவர் சுஷி உருட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று. சந்தேகமே வேண்டாம், நம்மவர்தான். ஒரு பெட்டியைக் கையில் எடுத்தேன். மகள் என் காதுக்குள் சொன்னாள்: “அம்மா, வையுங்கோ. தமிழ் ஆளெல்லோ செய்யிறார். ஒறிஜினலா இராது.”

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான பதில். முதலில் அந்த வாசனையைச் சொல்லி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது என்னை விடாது.

பாசலுக்கு வந்த புதிதில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. கோப்பை கழுவுவது, வெள்ளரிக்காய் வெட்டுவது, சோற்றுக்கு விசிறுவது. மூன்றாவது வேலையை நீங்கள் நம்பமாட்டீர்கள். அகலமான மரத் தொட்டியில் சுடுசோற்றைக் கொட்டி, வினாகிரியை ஊற்றி, மர அகப்பையால் வெட்டி வெட்டிப் புரட்டுவார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று விசிற வேண்டும். அந்த ஒருவர் நான். ஊருக்குக் கடிதம் எழுதும்போது ‘ஜப்பான் கொம்பனியில் வேலை’ என்று மட்டும் எழுதினேன். நான் கார் செய்வதாக என் தங்கை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். நானும் திருத்தவில்லை.

அகப்பை பிடித்தவர் பாலன் அண்ணை. யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர். எனக்கு முன்பே வந்து, எனக்கு முன்பே தலை நரைத்தவர். அவரிடம் இருந்தது எஃப் என்று எழுத்துப் போட்ட அனுமதிப் பத்திரம். ‘இப்போதைக்கு இருந்துகொள்’ என்பதுதான் அதன் அர்த்தம். அவருக்கு அந்த ‘இப்போதைக்கு’ பதினொரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் நின்று வேலை செய்தால் அந்த எழுத்து மாறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மனிதர் அங்கேயே நின்றார்.

முதலாளியம்மாவை இங்கே செஃபின் என்பார்கள். எங்கள் செஃபின் ஜப்பானியப் பெண். ஒரு சுவிஸ்காரரைக் கட்டி வந்து, அவர் இறந்த பிறகும் கடையைத் தனியாக நடத்தியவர். பாலன் அண்ணைக்குச் சோறு பழக்கியவரும் அவர்தான். ஒரு வருடம் முழுக்க அரிசி கழுவ மட்டும் விட்டாராம். இரண்டு பேருக்கும் விரல் நுனிகள் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன. வினாகிரித் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சுடுசோறு பிடித்த விரல்கள். அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கப் போனால் கைரேகை எடுக்கும் மெஷின் அண்ணையின் விரலைப் பிடிக்காது. ஒரு கிழமை லீவு எடுத்து விரலை ஆறவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்களாம். செஃபினிடம் லீவு கேட்கக் காரணம் வேண்டுமே, அதையே சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஆனால் சாப்பிட வருகிறவர்கள் பாலன் அண்ணையைக் கண்டதில்லை. மேடையில் வெள்ளை அங்கியும் தலைப்பட்டியுமாக நின்றவர் தோர்ஜே. அவர் திபெத்தியர். தங்கமான மனிதர், கையில் சோறு மட்டும் நிற்காது. “நான் பிடிச்சா அது எங்கட மோமோக் கொழுக்கட்டை ஆகிடும்” என்று அவரே சொல்லுவார். சுவிஸ்காரரின் கண்ணுக்கு அவர் ஜப்பான்காரர், அது போதுமாக இருந்தது. நாங்கள் சமையலறைக்குள் அவரைச் ‘சப்பை மூக்கர்’ என்று கூப்பிட்டோம் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். விளங்காததால் அவரும் சிரித்தார்.

மேடைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நீலத் துணித் திரை, அண்ணையின் முழங்கை மட்டத்துக்குத் தொங்கும். திரைக்குக் கீழால் அண்ணையின் இரண்டு கைகள் தட்டை நீட்டும், தோர்ஜே வாங்கிக் கடைசியில் ஒரு இலையை வைத்து, தலை குனிந்து பரிமாறுவார். பாலன் அண்ணைக்கு வாழ்க்கையில் ஒரு ஆசை இருந்தது. காணி, கார் என்று ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு அந்தத் திரைக்கு முன்னால் நின்று, ஆட்கள் பார்க்கப் பார்க்கச் சோறு பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் செஃபினிடம் கேட்பார். செஃபின் பதில் சொன்னது ஜெர்மனில்தான், ஆனால் என் காதில் அது எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது. “ஆக்கள் முதல் கண்ணாலதான் சாப்பிடுவினம், பாலன். உன்னைக் கண்டா ஜப்பான் சாப்பாடெண்டு நம்பமாட்டினம்.”

ஒரு மத்தியானம் வயதான ஜப்பானியர் ஒருவர் வந்தார். ஏதோ மருந்துக் கம்பனி வேலையாக வந்தவர். இரண்டு வாய் சாப்பிட்டுக் குச்சியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். இந்தச் சோறு வைத்த ஆளைப் பார்க்க வேண்டுமாம். செஃபின் ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு தோர்ஜேயின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். கிழவர் இடுப்பு வளையக் குனிந்து என்னவோ சொன்னார், தோர்ஜே பல்லைக் காட்டினார். பாலன் அண்ணைக்குச் சமையலறையில் பழகிய ஜப்பானிய மொழி நன்றாகவே விளங்கும்.

“என்னவாம் அண்ணை?”

“தாய் வைச்ச சோறு மாதிரி இருக்காம்.”

சொல்லிவிட்டு அகப்பையைத் துடைத்தார். திரையை இழுத்து விழுத்திவிட எனக்குக் கை துடித்தது. துடித்ததோடு சரி.

அன்று செஃபினுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். கடை பூட்டும்போது, “வசந்தத்துக்குப் பிறகு பாப்பம், பாலன்” என்றார். அண்ணைக்கு அவ்வளவே காணும். புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி, பெட்டியோடு கோப்பை அலுமாரியின் மேல் வைத்தார்.

வசந்தத்தில் செஃபினின் தாய் இறந்துபோனார். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பான்காரர் விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் சொந்த நாட்டுக் குடியுரிமை போய்விடும். கணவர் இறந்ததும், இங்கே இருக்க விடமாட்டார்களோ என்ற பயத்தில் செஃபின் சுவிஸ் குடியுரிமை எடுத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லாமல், பழைய ஜப்பானியப் பாஸ்போர்ட்டிலேயே கள்ளமாகப் போய் வந்துகொண்டிருந்தார். அது காலாவதியாகிவிட்டது. தாயின் சாவுக்குப் போனது சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட்டில்.

திரும்பி வந்தவர், சோற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் மேல்கோட்டும் கழற்றாமல் நின்று சொன்னார். “ஜப்பான் எயர்போட்டில என்னை வெளிநாட்டுக்காரற்ர வரிசையில விட்டாங்கள். ஒரு பெடியன் இங்கிலீசில கேட்டான். நான் ஜப்பான் மொழியில சொன்னன். அவன் திரும்பவும் இங்கிலீசிலதான் கேட்டான். மெஷினில விரலை வைக்கச் சொன்னான். மூண்டு தரம் வைச்சும் பிடிக்கேல்ல.” ஊரிலுள்ள குடும்பப் பதிவேட்டிலிருந்தும் பெயரை எடுத்துவிடுவார்களாம். எங்களுக்கு முன்னால் அவர் அழுததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

பாலன் அண்ணை தன் விரல்களை விரித்துக் காட்டினார். “எனக்கும் உப்பிடித்தான், செஃபின். எங்கட ரேகையைச் சோறு திண்டிட்டுது.”

செஃபின் கண்ணைத் துடைத்தார். “உன்ர வேற, பாலன். நீ வெளிநாட்டுக்காரன்.”

அவர் போன பிறகும் அண்ணை நம்பிக்கையை விடவில்லை. “மனுசிக்கு இப்ப நல்லாச் சுட்டிருக்கும், தங்கச்சி. இனி என்னை வெளியால விடும், இருந்து பார்.” தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நானும் ஒத்து ஊதினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செஃபின் ஒரு பொதியை அவிழ்த்தார். ஜப்பானிலிருந்து வாங்கி வந்த புதுத் திரை. அதே நீலம், ஆனால் முழங்காலுக்கும் கீழே வரும். பழையதில் கை தெரிகிறதாம், இனித் தட்டைத் தோர்ஜே உள்ளே வந்து எடுப்பாராம். அவருக்கு உயரம் எட்டாது. ஏணியில் ஏறி ஆணி அடித்துக் கட்டியது பாலன் அண்ணைதான். அதற்குப் பிறகு வருடப் பிறப்புக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அலுமாரி மேலிருந்த வெள்ளைச் சட்டைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

செஃபினை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வராது. அந்த வருடத் தைப்பொங்கலுக்குத் திரிம்பாக் என்ற ஊரிலுள்ள எங்கள் கோயிலில் சேலை கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் பானையில் அரிசி போட முன்னால் வந்தபோது, “உவவுக்கு உதில என்ன தெரியும்?” என்று சத்தமாகக் கேட்டவள் நான்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வருடங்கள் போயின. செஃபினுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு எங்கள் பெயர்கள், பிறகு ஜெர்மன். கடையை விற்று அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். கடைசியில் ஜப்பானிய மொழி மட்டும்தான் மிஞ்சியது. அங்கே ஒரு தாதிக்கும் அது விளங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலன் அண்ணை தன் வீட்டில் சோறு வைத்தார். நான் போய் விசிறினேன். கைச்சூடு ஆறமுதல் பெட்டியில் போட்டு, ட்ராமில் மடியில் வைத்துக் கொண்டுபோனோம்.

செஃபின் எங்களை யாரென்று அறியவில்லை. அண்ணை ஒரு உருண்டையைப் பிடித்து அவர் கையில் வைத்தார். மெல்ல மென்றார். கண்ணை மூடினார். பிறகு நிமிர்ந்து, பழைய செஃபினின் குரலில் என்னவோ கேட்டார். அண்ணை பதில் சொன்னார். அவர் மறுபடியும் கேட்டார். அண்ணை ஒரே ஒரு சொல் சொன்னார். உடனே செஃபின் கதிரையின் பிடியைப் பிடித்து எழும்பி, அறையின் மூலையில் சாத்தியிருந்த குளியலறைக் கதவைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார்.

“என்ன அண்ணை கேட்டவா?”

“சோறு வைச்ச ஆள் எங்கயெண்டு. உள்ளுக்க நிக்கிறான் எண்டன்.”

“பிறகு?”

“ஜப்பான்காரனோ எண்டு கேட்டா.”

“நீங்கள்?”

“ஓம் எண்டன்.”

வெறும் பெட்டியைக் கழுவ அண்ணை அந்தக் குளியலறைக்குள்தான் போனார். வெளியே வர வெகுநேரம் எடுத்தது.

அந்த மாரியில் செஃபின் போய்ச் சேர்ந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். தோர்ஜே எங்கே போனாரோ தெரியாது. பாலன் அண்ணையும் போய் இரண்டு வருடமாகிறது. அந்த எஃப் கடைசிவரை மாறவில்லை. மரத் தொட்டியில் விசிறி ஆற்றிய அந்தச் சோற்றை இனி ஒருவரும் எனக்குத் தரப்போவதில்லை.

மகளுக்கு இதையெல்லாம் நான் சொன்னதில்லை. கடையில் கறுப்புத் தொப்பிக்காரர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவருக்கு முன்னால் திரை ஒன்றும் இல்லை. மகள் சொன்னது கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மகளிடம் “ஓம்” என்றேன்.