கழுவாத கொய்யா

சுடலைமுத்து அண்ணாச்சியின் தம்பி நேற்று ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். "அண்ணன் போயிட்டாவ, அம்மா. ஒங்கள்ட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

குற்றாலம் போகும் சாலையில் அண்ணாச்சி குத்தகைக்கு எடுத்திருந்த கொய்யாத் தோப்பை உங்களில் பலர் அறிவீர்கள். ஒரு வருஷம் புழுவுக்காக மரங்களுக்கு ஈயபாஷாணம் என்ற நச்சுமருந்து தெளித்திருந்தார். பழத்தில் விஷம் இல்லை என்று தென்காசி ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று வியாபாரி சொல்லிவிட்டார். சீசன் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி பத்துப் பழம் கொண்டுவந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அண்ணாச்சியிடம் ஒன்றும் கேட்காமல் பழங்களை வாங்கிக்கொண்டேன். பழத்தோலைக் குடுவையில் போட்டுச் சோதிக்கும்போது, பாஷாணம் இருந்தால் குடுவையின் வாயில் வைக்கும் காகிதத் துண்டு பழுப்பாகும். அன்று அது வெள்ளையாகவே இருந்தது. அறிக்கை எழுதி அவர் கையில் கொடுத்து, "சுத்தமாக இருக்கிறது" என்றேன்.

"இருக்காதா பின்ன? படிச்ச பிள்ளை கையில கொடுக்கப் போறோம்னு புளித்தண்ணியில தேய்ச்சு, துண்டால தொடைச்சுல்லா கொண்டாந்தேன்!"

அப்படியானால் நான் சோதித்தது கழுவிய பழத்தை. அறிக்கை அவர் கையில் இருந்தது. மறுநாள் வியாபாரி பறிக்க வருவார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். "என்ன தாயி, தப்பாயிட்டா?"

ஆமென்று தலையசைத்தேன்.

"கழுவித்தான் விப்போமே" என்றார் கூட வந்திருந்த தம்பி.

"பத்துப் பழத்தைக் கழுவலாம். தோப்பையே கழுவ முடியுமாலே? அருவியில குளிச்சிட்டு வர்ற பிள்ளைக தோலோடல்லா கடிக்கும்?" என்று சொல்லி, அறிக்கையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கழுவாத பழம் வந்தது. காகிதம் பழுப்பானது. அந்தக் காய்ப்பு முழுவதையும் பறித்துக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அதன்பின் கடைத்தெருவில் அவரைப் 'பாஷாண அண்ணாச்சி' என்று கேலி செய்தார்கள். "என் பழத்தைத் தின்னுட்டு இன்னும் உசிரோடதானலே இருக்க?" என்று அவரும் சிரிப்பார். ஆனால் அந்த நஷ்டத்தால் அந்த வருஷம் அவர் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் என்னிடம் பேசியதில்லை.

கேட்க வேண்டியவள் நான். கேட்கக் கூச்சப்பட்டேன். என் பிழையை அவர் தன் தோப்பின் காய்ப்பைக் கொடுத்துத் திருத்தினார்.

இப்போது யார் கூடை கொண்டுவந்தாலும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்கிறேன்: "கழுவினீர்களா?" அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்வி.