குசினி மேசையில் இரண்டு டைகள்

பித்தளைத் தோட்டாக் கோதுகளைத் துடைக்கும் எண்ணெயின் மணம் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் பின்னறையில் எப்போதும் இருந்தது. அம்மா சாம்பிராணி போட்டும் அது போகவில்லை. எண்பதுகளின் கடைசி அது. அப்பா கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தார், சனிக்கிழமைகளில் கைத்துப்பாக்கிக் கிளப்புக்குப் போவார். யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்குப் பயந்து சனம் ஓடிவந்துகொண்டிருந்த காலத்தில், எழுபதுகளிலேயே படிக்க வந்துவிட்ட மனிதருக்குச் சுடுவது பொழுதுபோக்காக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. பொலிஸ் அனுமதி இருந்தது, இரும்பு அலுமாரி இருந்தது, ஒரு குறையும் சொல்ல ஏலாது.

சுட்ட கோதுகளைச் சேர்த்து, வெடிமருந்தும் ஈயச் சன்னமும் வைத்து, மீண்டும் "ரவை", அதாவது தோட்டா, ஆக்குவார். சன்னம் அசையாதபடி கோதின் வாயை இறுக்க ஓர் அச்சு வேண்டும்; அதுதான் "கிரிம்ப் டை". அந்தக் குளிர்காலத்தில் எந்த டையை வாங்குவது என்பதே வீட்டுப் பேச்சு. ஒன்று வாயின் விளிம்பை உள்ளே சுருட்டும், சுழல் துப்பாக்கிக்கு நல்லது. மற்றது சுருட்டாமல் நேராக நெரிக்கும், அவர் புதிதாக வாங்கிய பிஸ்டலுக்கு அதுதான் சரி என்றார்கள் கிளப்பில். "இறுக வேணும், ஆனா நசியக்கூடாது" என்று சோற்றுக்கு நடுவிலும் சொல்லுவார். "உங்கட விசரைச் சாப்பாட்டு மேசையில வையாதேங்கோ" என்பார் அம்மா.

இதற்கிடையில் அம்மாவின் தம்பி தேவன் மாமா வந்து சேர்ந்து, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இவர்களுக்கு மூத்தவரான பெரிய மாமாவை ஊரில் ஒரு சுற்றிவளைப்பின்போது ஆமி கொண்டுபோனது. அவர் திரும்பவேயில்லை, காரணமும் அம்மாவுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் ஆர்ச்வே முருகன் கோயிலில், உயிரோடு இருப்பவருக்குச் செய்வதுபோல அவர் பெயருக்கு அம்மா அர்ச்சனை செய்வார். "தம்பிக்கு உந்தச் சாமான்கள் தெரிய வேண்டாம்" என்று அப்பாவிடம் சொல்லிப் பின்னறையைப் பூட்டிவைத்ததும் அவர்தான். அதுதான் பிழை.

ஒரு வெள்ளிக்கிழமை, மாமாவும் கோயிலுக்குப் போய்விட்டார் என்று நினைத்து, லீவில் நின்ற அப்பா, இரவல் வாங்கிய இரண்டு டைகளையும் குசினி மேசையில் வைத்து, மருந்தில்லாத ரவைகள் செய்து, எது இறுக்கமாக நிற்கிறது என்று மேசை விளிம்பில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ்காரர் வந்திருந்தார். அப்பா வாசலில் கதைத்துக்கொண்டிருக்க, தலையிடியென்று மேலே படுத்திருந்த மாமா இறங்கி வந்தார். வாசலில் சீருடை, மேசையில் ரவை. படியில் இருந்த என்னையும் பாராமல், எல்லாவற்றையும் அள்ளி அரிசி வாளிக்குள் புதைத்தார்.

பொலிஸ்காரர் குசினிக்குள் வந்து, கீழே உருண்டு கிடந்த ஒரு ரவையைக் குனிந்து எடுத்தார். மாமா உடனே முழங்காலில் விழுந்து, கைகளைத் தலைமேல் வைத்து, "மைன், சேர். ஆல் மைன். தே நோ நதிங்" என்றார். அகதி வழக்கு முடியாத மனிதர் இல்லாத குற்றத்தை ஏற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பொலிஸ்காரர் நல்லவர். அது மருந்தில்லாத ரவை என்று பார்த்துவிட்டு, மேசையில் மெல்ல வைத்து, வெளியே போய் நின்றார்.

"தேவன், எழும்பும். பொலிசின்ர அனுமதியோடதான் வைச்சிருக்கிறன். ஒண்டும் நடவாது" என்றார் அப்பா.

மாமா கையை இறக்கவில்லை. "அத்தான், அண்டைக்கு ரோட்டில கிடந்த கோதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். ஆரின்ர எண்டு ஆமி கேக்க, நான் வாய் திறக்கேல்லை. பெரியண்ணைதான் தன்ர எண்டு சொன்னவர்."

பின்கதவில் அம்மா நின்றார், கையில் விபூதிப் பொட்டலம். அரிசியைச் சுளகில் கொட்டி, ரவைகளையும் டைகளையும் பொறுக்கி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா இரண்டு டைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்; பிறகு ஒன்றும் வாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மாமாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டபோது, "நீ சொல்லு" என்றார். அது மன்னிப்பா தண்டனையா என்று நான் கேட்கத் துணியவில்லை.

தொண்ணூறுகளில் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தபோது கிளப்பில் எல்லோரும் கொதித்தார்கள். அப்பா பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இன்று கிளப் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை, பின்னறையில் எண்ணெய் மணமும் இல்லை. விசா கிடைத்து இங்கேயே தங்கிவிட்ட மாமா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வேக்குப் போகிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். ஐயர் புதியவர். மாமா தமையனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

"ஆள் இருக்கிறாரோ?" என்று கேட்டார் ஐயர்.

"ஓம்" என்றார் மாமா.